கல் வைக்காத வரிசை

இருபத்துமூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். முருங்கன் கூட்டுறவுச் சங்கக் கந்தோருக்குச் செபமாலை கட்டவேண்டிய முதலும் வட்டியும் அவ்வளவு. ஊர் திரும்பிய வருடம், வீட்டுக்குக் கூரை போட மனைவி லூர்தம்மாவின் தாலிக்கொடியை அங்கே அடைவு வைத்திருந்தார். இன்று நாலு மணிக்குள் காசு கணக்கில் ஏறாவிட்டால் கொடி நாளை ஏலத்துக்குப் போய்விடும்.

மண் சுமந்து சேர்த்த காசைக் கவுண்டரில் கொடுத்தார். காசாளர் ஜெசிக்கா வாங்கிக் கணினியில் பதிந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"ஐயோ பிள்ளை, என்ர காசு?"

"காசு மேசை லாச்சியில கிடக்கு, ஐயா. கணக்கில ஏத்திற வேலைதான் வரிசையில நிக்குது. போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

செபமாலை அசையவில்லை. இந்தியாவில் அகதி முகாமில் இருந்தபோது, தண்ணீர் வரிசையில் இடம்பிடிக்கக் கல்லை வைத்துவிட்டு ஒருநாள் போயிருந்தார். திரும்பி வந்தபோது கல் வேலியோரம் கிடந்தது, தண்ணீரும் நின்றுவிட்டது. அதன்பிறகு எந்த வரிசையை விட்டும் அவர் நகர்ந்ததில்லை.

முன்னமே காசு கட்டிவிட்டு நின்ற தாராபுரம் அபூசாலிக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணை அந்தக் கொம்பியூட்டர் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கப் போறார்போல!"

"உங்கட பேரும் அதுக்குள்ளதான் கிடக்கு, நானா. சிரியுங்கோ," என்றாள் ஜெசிக்கா.

கரண்ட் வந்தது. மேசைக்கு அடியில் இருந்த கணினிச் சேவர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன, ஒன்றும் நகரவில்லை. மணி மூன்றரை தாண்டிவிட்டது.

"வேலைக்காரன் எழும்பேல்லை," என்றாள் ஜெசிக்கா.

"ஆர்?"

"பின்னால நிண்டு வேலை செய்யிற புரோகிராம், ஐயா. நான் வரிசையில போடுறதோட சரி. கணக்கில ஏத்துறது, ஏலப் பட்டியலில பேரை வெட்டுறது, போனுக்கு மெசேஜ் அனுப்புறது எல்லாம் அவன்தான். கரண்ட் போனா விழுந்திடுவான். எழுப்பிவிடவேணும்."

ஒரு வரி தட்டினாள். முதல் பெயர் மறைந்தது. அடுத்ததும் மறைந்தது. மூன்றாவது பெயர் சிவப்பானது.

"யா அல்லாஹ், அது நானெல்லோ!"

"உங்கட போன் செத்துக் கிடக்குப்போல, நானா. காசு ஏறிட்டுது, மெசேஜ்தான் போகேல்லை. அதை ஒரு பக்கம் வைச்சிட்டு மற்றவையைப் பாக்கிறான். பிறகு வந்து திரும்ப அனுப்புவான்."

செபமாலை திரையை நோக்கிக் குனிந்தார். விழுந்து எழும்பியவன் விட்ட இடத்திலேயே தொடங்கியிருந்தான். ஒருவருக்குத் தடங்கல் என்று வரிசை நிற்கவில்லை; அந்த ஒருவரைத் துரத்திவிடவும் இல்லை. முழங்கையால் இடிப்பாரும் இல்லை, சிபாரிசுக் கடிதத்தோடு முன்னால் புகுவாரும் இல்லை. இப்படியும் உலகத்தில் ஒரு வரிசையா?

"இவனுக்குச் சம்பளம் என்ன குடுக்கிறியள்?"

"சம்பளமோ? கரண்ட் மட்டும்தான், ஐயா."

"பாவம்," என்றார் செபமாலை. தோளில் கிடந்த துவாயைத் தன்னை அறியாமலே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார், கோயிலுக்குள் நிற்பதுபோல.

அவருடைய பெயர் மேலே ஏறியது. ஒரு கணம் நின்றது. மறைந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. முதியோர் வகுப்பில் படித்த எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். "நிலுவை இல்லை. நகையைப் பெற்றுக்கொள்ளலாம்."

ஜெசிக்கா இரும்புப்பெட்டியைத் திறக்கப் போனாள்.