செம்புத் தண்ணீர்

“என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் குடுங்க, சார்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சங்கிலிப்பாண்டி மாமா முதல் நாளே சொல்லியிருந்தார். இதே பேண்டேஜ் கம்பெனியில் வாட்ச்மேன் அவர். அவர் சிபாரிசில்தான் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறுகிறேன். எங்கள் வீட்டின் முதல் டிகிரி என்னுடையது. தாவரவியல். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் காகிதம் முதலாளி காசிராஜனின் பீரோவில் கிடக்கிறது. நாளை மறுநாள் விருதுநகரில் அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

முதலாளி மேஜைமேல் இருந்த ஜேட் செடியைப் பார்த்தார். “செடி பொழைக்கட்டும்னு சொன்னேன்ல?”

சொன்னது போன மாதம். அந்தச் செடி வந்த பிறகுதான் ஏற்றுமதி ஆர்டர் வந்ததாம். அது செத்தால் கம்பெனியே படுத்துவிடுமாம். “செடி கொடிதான படிச்ச? பொழைக்க வை. பொறவு பேசுவோம்” என்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்.

தடித்த இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்தன. பிடுங்கிப் பார்த்தேன். வேர் கஞ்சியில் ஊறிய நூல்போல வழுக்கியது. அழுகியதை பிளேடால் வெட்டி, நாலு நாள் நிழலில் உலர்த்தி, பெருமணலில் கரித்தூள் கலந்து நட்டேன். மூன்றாவது வாரம் நுனியில் நெல்மணி அளவில் இரண்டு தளிர். பாத்ரூமில் போய் அழுதேன்.

போன வாரம் முதலாளி திரும்பினார். இன்று காலை தண்டு கொழகொழத்துக் கிடக்கிறது.

பெருக்குகிற வெள்ளத்தாயக்கா காதோரம் சொன்னார். “ஏட்டி, மொதலாளிதான் தெனமும் ஊத்துதாவ. சாமி படத்துக்கு வச்ச செம்புத் தண்ணிய கால் படுற எடத்துல ஊத்தக்கூடாதுல்லா?”

“அம்புட்டுமா?”

“ஒரு சொட்டு வீணாக்க மாட்டாவ. நான் சொன்னேன்னு சொல்லிராத.”

இப்போது முதலாளியிடம் நானே சொன்னேன். “நீங்க ஊத்துற தண்ணியிலதான் அழுகுது, சார்.”

“சாமி தண்ணியில செடி சாகுமா?”

“அது யாரு தண்ணின்னு வேருக்குத் தெரியாது சார். மாசத்துக்கு ரெண்டு டம்ளர் போதும்.”

“படிச்ச திமிரு. ஒங்க மாமன வரச் சொல்லு.”

மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “சின்னப்புள்ள மொதலாளி, தெரியாமப் பேசிட்டா. ஏட்டி, மன்னிப்புக் கேளு. ஆறு மாசம் பொறு, அவிய குடுப்பாவ.”

ஆறு மாசம். எனக்கு இருப்பது ஒரே ஒரு பகல்.

தொட்டிக்குள் இருந்ததெல்லாம் அழுகிப் போயிருந்தது. நுனியில் மட்டும் விரல் நீளத்துக்குக் கெட்டியாக இருந்தது. அதை ஒடித்தேன்.

“ஏய்!” முதலாளி எழுந்துவிட்டார்.

“இந்தத் தொட்டியில இனிப் பொழைக்காது சார்.”

சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைத்திருப்பதாகக் காலையில் பஸ்ஸிலேயே எழுதிவிட்ட போலீஸ் புகார் கைப்பையில் இருந்தது. அதன்மேல் தண்டை வைத்து ஜிப்பை இழுத்தேன். தாளின் மேல்வரி மாமா கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

“எனக்கு வேல போயிரும்ட்டி.”

“தெரியும் மாமா” என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டி வெளியே நடந்தேன்.