எப்சிபாவை எழுப்பாத சத்தம்

1

“கண்ணை மூடிக்கிட்டுத்தான் சொல்லணுமா?”

“இஷ்டமிருந்தா மூடுங்க. இல்லீன்னா அந்தச் சன்னலைப் பாத்துச் சொல்லுங்க.”

“கர்த்தருடைய பரிசுத்த நாமத்துக்கு ஸ்தோத்திரம். அன்னைக்குச் சாயங்காலம் அடியாளை ஒரு சத்தம் கூப்பிட்டு—”

“ஏனுங்கக்கா, இது சபையில சொல்றதுங்களா?”

“ஆமா. சாட்சி.”

“எனக்குச் சாட்சி வேண்டாமுங்க. நடந்ததைச் சொல்லுங்க.”

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இந்த இடத்தில்தான். தேவிகுளத்தில் ஒரு மருத்துவமனை அறை. சாட்சி சொல்லத் தொடங்கியவள் எப்சிபா. மண்சரிவில் வீட்டையும் புருஷனையும் இழந்தவள். இப்போது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் மாமியாரோடு இருக்கிறாள். நிறுத்தியவர் மனநல ஆலோசகர் ஷஹானா, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரர். துணைக்குப் போன நான் ஜிஸ்மி. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு எப்சிபா, “எழுதேன். பேரை மட்டும் மாத்திரு” என்றாள். மாற்றிவிட்டேன்.

2

முதலில் வேறு தொடக்கம் வைத்திருந்தேன். ‘மலை ஒரு பெரிய மிருகத்தைப் போலப் புரண்டு—’

இல்லை. மலை சரிந்ததை அவள் பார்க்கவேயில்லை.

நான் மொழிபெயர்ப்பு நாவல்களாக வாசிக்கிறவள். அவற்றில் போரிலிருந்து திரும்பியவர்கள் பனி பெய்யும் ஊர்களில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் ஒரு ரகசியம் உடையும். எப்சிபாவுக்கும் ஒரு ரகசியம் வேண்டுமென்று, ‘அன்று சண்டை போட்டுவிட்டு, கதவை வெளியே தாழிட்டு’ என்று எழுதினேன். அடித்தேன். [அடித்தது தெரியட்டும்.]

நடந்தது இவ்வளவுதான். சமைக்க மிளகாய் இல்லை. கேட்டு வாங்க மேல் லயத்துக்குப் போனாள். திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் சேறு. உள்ளே புருஷன் மிக்கேல்ராஜ் தூங்கிக்கொண்டிருந்தான். மாமியார் கத்தரீனாள் போடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

சபையில் போதகர் கேட்டாராம்: “வெளிய வான்னு ஏதாவது சத்தம் கேட்டிருக்கும், யோசிச்சுப் பாரும்மா.” “இருக்கலாம் ஐயா” என்றாள். அடுத்த ஞாயிறு அது ‘கேட்டது’ ஆனது. இப்போது மழை பிடித்தால் அவளுக்கு நிஜமாகவே கேட்கிறது. எழுந்து வெளியே ஓடுகிறாள்.

ஒரு நாள் சபை முடிந்து வரும் வழியில் கத்தரீனாள்* கேட்டார்: “என் பிள்ளைய அது கூப்பிடலையா?”

அதற்குப் பிறகு எப்சிபா சரியாகத் தூங்கவில்லை.

[* மாதா கோயிலை விட்டு அவர் சபைக்கு வந்ததே மருமகளின் சாட்சியைக் கேட்கத்தான்.]

3

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். மழை பெய்யும்போது மூச்சை நிதானப்படுத்த ஷஹானா கற்றுக்கொடுத்தார். அடுத்தது கடினமானது: நடந்ததை இப்போது நடப்பதைப் போலச் சொல்லி, போனில் பதிந்து, வீட்டில் தினமும் கேட்க வேண்டும்.

“முதல்ல பயம் கூடுற மாதிரி இருக்குமுங்க. கேக்கக் கேக்கக் குறையும். ஜெபத்தை விடச் சொல்லலீங்க.”

எப்சிபா சொன்னாள். மிளகாய் டப்பா வந்தது, வழுக்கும் படிகள் வந்தன. சத்தம் வரவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் என் காதருகே குனிந்தாள்.

“இதை எங்க வச்சுட்டி கேக்க? ஒத்த ரூம்பு. அத்தை அங்கனயேதான் இருக்கும்.”

“ஹெட்செட் தாரேன்க்கா.”

“ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டா, மலை வந்தா எப்படித் தெரியும்?”

“ஒரு காதுல மட்டும் வைங்க.”

“வந்துட்டா பெரிய டாக்டரு!” சிரித்தாள். ஒரு வளைவு தாண்டியதும் முகம் மாறியது. “இப்ப கர்த்தர் சித்தம்னாவது நினைச்சுக்கிடுது. சத்தமே இல்லன்னு தெரிஞ்சா அத்தைக்கு என்னட்டி மிச்சம்?”

4

முடிவுகள். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

அ. அவள் கேட்கிறாள், சில மாதங்களில் மழை வெறும் மழையாகிறது. அப்படிக் குணமானவர்களை ஷஹானா பார்த்திருக்கிறார். நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆ. மாமியாருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுப்பு இரண்டாகிறது. [கொடுமைக்கார மாமியார் எவ்வளவு சுலபமாக வருகிறாள்! கத்தரீனாள் யாரையும் ஏசி நான் கேட்டதேயில்லை.]

இ. பதிவை அழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சபையில் எழுந்து நின்று—

இந்த வரியில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது.

5

“உள்ள வாங்க பெரியம்மா.”

“இருக்கட்டும்.” கத்தரீனாள் வாசலிலேயே நின்றார். “அவ கேக்கதை நானும் கேட்டுட்டேன். கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா. ஹெட்செட்டுல ஒண்ணு அவ காதுல, இன்னொண்ணு பாயில கிடந்துச்சு. எடுத்து வச்சேன்.”



“நீங்க கேட்டது அக்காவுக்குத் தெரியுமா?”

“சொல்லல. முந்தாநாள் மழையில அவ எந்திரிச்சு ஓடல. அதைப் போய்க் கெடுக்கவா?”

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மேசைமேல் கிடந்த தாள்களைப் பார்த்தார்.

“அவ கதையத்தான் எழுதுதியாமே. கதைன்னா மாத்திக்கிடலாம்லா?”

“மாத்தலாம் பெரியம்மா.”

“அப்போ அன்னைக்கு அவளுக்குப் பதிலா என் பிள்ளைய மேல் லயத்துக்கு அனுப்பி ஒண்ணு எழுது தாயி. அவகிட்ட காட்ட வேண்டாம். எனக்கு மட்டும் ஒரே ஒரு தடவை வாசிச்சுக் காட்டு.”