டீச்சரின் பேட்ஜ்

எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்த நாளிலிருந்தே அவளுக்கு வாலு என்றுதான் பெயர். சும்மா இரு என்றால் கை துறுதுறுக்கும். அவளுடைய சிநேகிதிக்கு டீச்சர் என்று பெயர். அவளும் மாணவிதான், கல்யாணமானவள், வகுப்பிலேயே மூத்தவள், எதற்கெடுத்தாலும் விதி சொல்கிறவள். எக்ஸ்ரே கதிர் வரும்போது தள்ளி நில், கண்ணாடிக்குப் பின்னால் போ, பேட்ஜ் குத்தினாயா என்று நாள் முழுக்கத் தொணதொணப்பாள். அந்த பேட்ஜுக்குள் ஒரு துண்டு ஃபிலிம் இருக்கும். குத்தியிருப்பவர் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று மாதக் கடைசியில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

போன மாதம் ஒரு மதியம் டீச்சர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். பேட்ஜ் கோட்டிலேயே இருந்தது. வாலுவுக்குப் பொறுக்குமா? அதை உருவிக்கொண்டு போய், மாணவர்கள் பழகுவதற்கென்று மேசையில் கிடத்தியிருக்கும் பிளாஸ்டிக் உடம்பின் மேல் வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு படமாக எடுத்துத் தள்ளினாள். ஊருக்கெல்லாம் விதி சொல்கிறவளுக்கே கதிர் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால் அந்த முகம் எப்படிப் போகும்! அவ்வளவுதான் அவள் கணக்கு. பேட்ஜைத் திரும்பக் கோட்டில் குத்திவிட்டு, அதை மறந்தும் போனாள்.

ரிப்போர்ட் வந்தது. கதிர் பாதுகாப்பு அதிகாரி டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு மாணவிகள் வைத்த பெயர் ஈயம். எந்தக் கதிரும் எந்த ஜோக்கும் அவரைத் துளைத்ததில்லை. வாலு சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே காத்திருந்தாள்.

டீச்சர் வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. வாலுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“மூணாவது மாசம்டி,” என்றாள். “உங்கிட்டகூடச் சொல்லல. ரெண்டு தடவ தங்காமப் போச்சு, அந்த பயம்தான்.”

ஈயம் அவளைப் பயமுறுத்தவில்லையாம். பேட்ஜில் பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போனதாகாது, அவசரப்பட்டு ஒன்றும் செய்யாதே என்றாராம். ஃபிலிமில் பேட்ஜுக்குள் இருக்கும் உலோகத் தகட்டின் நிழல் கத்தி மாதிரி கூர்மையாக விழுந்திருக்கிறதாம். நடமாடுகிற ஆள் மேல் இருந்திருந்தால் அது கலங்கியிருக்குமாம். பேட்ஜ் எங்கேயோ அசையாமல் கிடந்து நேராகக் கதிர் வாங்கியிருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். ஆனால் ஊகத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, யாராவது பார்த்தவர்கள் சொன்னால்தான் உண்டு என்றும் சொல்லிவிட்டாராம். டீச்சர் வீட்டுக்கு ஃபோன் செய்திருக்கிறாள். குறையோடு பிறந்தால் யார் பார்ப்பது என்று அங்கே ஒரே பேச்சு.

“எங்க வீட்டுக்காரரு நாளைக்கே டாக்டர்கிட்ட போயி கலைச்சிடலாம்ங்கறாரு,” என்றாள்.

அடுத்தவர் பேட்ஜில் கை வைத்தால் படிப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள்; முதல் நாளே சொல்லிவிட்ட விதி அது. ஏற்கெனவே இரண்டு படிப்பைப் பாதியில் விட்டவள் வாலு. இதுவும் போனால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் எதிரே ஒருத்தி வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிப்பாவி, விளையாட்டுக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று வாலு தன்னையே திட்டிக்கொண்டாள்.

டீச்சரின் கையைப் பிடித்து எழுப்பி நேரே ஈயத்தின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“சார், அந்த பேட்ஜை டேபிள்ல வெச்சு படம் எடுத்தது நான்தான். கிண்டலுக்கு.”

ஈயம் அவளைத் திட்டவில்லை. எந்த மெஷின், என்ன செட்டிங், எத்தனை படம் என்று மட்டும் கேட்டார். புது பேட்ஜ் ஒன்றைக் கொடுத்து, அன்றைக்குச் செய்ததை அப்படியே செய்யச் சொன்னார். இருட்டறையில் கழுவி எடுத்த ஃபிலிமையும் பழைய ஃபிலிமையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அதே கறுப்பு, அதே கூர்மையான விளிம்பு.

“இது உன் மேல பட்டதில்லம்மா,” என்றார். “வீட்டுக்காரர வரச் சொல்லு. நானே காட்டுறேன்.”

டீச்சர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். வாலுவின் பக்கம் திரும்பவே இல்லை.

தானாக வந்து சொன்னதால் படிப்பு தப்பியது, ஆனால் தண்டனையாக ஒரு வருடம் பின்தள்ளிவிட்டார்கள். அந்த வருடம் முடியும்வரை வாலுவுக்கு பேட்ஜ் கிடையாது. பேட்ஜ் இல்லாதவள் எக்ஸ்ரே அறைக்குள் கால் வைக்க முடியாது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய, கீழே பெஞ்சில் உட்கார்ந்து நோயாளிகளைக் கூப்பிட்டு அனுப்புவதுதான் வேலை. டீச்சர் தினமும் அந்தப் பக்கம் வருவாள், சுவரைத் தாண்டுகிற மாதிரி அவளைத் தாண்டிப் போவாள். திட்டினாலாவது தேவலை என்று வாலு மனம் நொந்துபோனாள்.

ஒருநாள் காலையில் டீச்சர் அவள் எதிரே வந்து நின்றாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. கையில் இன்னொரு பேட்ஜ். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இடுப்பில் குத்த ஒன்று தனியாகக் கொடுப்பார்கள். அதை வாலுவின் மடியில் போட்டாள்.

“நீயே குத்திவிடு.”

வாலுவுக்குக் கண் மறைத்தது. ஊசியை இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவை அந்தச் சின்ன வயிற்றுக்கு நேராகக் குத்தினாள். டீச்சர் குனிந்து சரிபார்த்துக்கொண்டாள்.

“இனிமே இதுல கை வெச்சே, அந்தக் கையை ஒடிச்சு நானே படம் எடுப்பேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.