தட்டை எரியாத நாடு

1.

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்குக் குழாய் எரிவாயு எப்போது வரும் என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். குழாயில் வருவது மீத்தேன்தானே என்று அந்தச் சொல்லையும் சேர்த்துப் போட்டேன். கதிர் ஒடித்தபின் மிஞ்சும் மக்காச்சோளத் தட்டையை வயலில் எரிப்பதால் ஒரு நாட்டில் எவ்வளவு மீத்தேன் வெளியாகிறது என்று ஒரு பக்கம் வந்து நின்றது. எங்கள் தெருவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பக்கத்தை மூடியிருக்கலாம். ஆனால் அந்த எண்ணை யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டியிருப்பாரே என்று தோன்றிவிட்டது. எனக்கு இந்த வியாதி உண்டு.

2.

முதல் தொடக்கம்: கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சோளக்காடு எரிந்தது. புகைக்கு நடுவே ஒரு பெண்

[அடித்துவிட்டேன். சோளக்காடு எரிந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணும் பார்த்ததில்லை. வில்லங்கமே அதுதான்.]

இரண்டாம் தொடக்கம், கொஞ்சம் அடக்கமாக: திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஒரு சின்ன அலுவலகம். பல நாடுகளுக்கும் புகைக்கணக்குப் போட்டுக் கொடுப்பது அங்கே தொழில். அங்கே வேலை பார்க்கும் எலிசாள் தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரி, தினமும் ரயிலில் வந்து போகிறாள். வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தர உத்தரவு வெள்ளிக்கிழமை வர வேண்டும். அவள் அம்மா அதுவரை பொறுக்கவில்லை. போன ஞாயிறே சர்ச்சில் வேலைக்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, மகளின் பெயரையும் வாசிக்கவைத்துவிட்டாள்.

ஒரு நாடு [பெயர் சொல்ல மாட்டேன், உடனே தேடிப் பார்ப்பீர்கள்] தன் விவசாயிகள் தட்டையில் எத்தனை பங்கை எரிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. அப்படிக் காலியாக இருந்தால் உலகப் பொதுக்கணக்கை எடுத்துப் போடுவது அலுவலக வழக்கம். எலிசாள் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். யோசித்துப் போடவில்லை, கை தானாகப் போட்டது. அறிக்கையும் போய்விட்டது.

3.

மேலாளர் உமாசங்கர் திருவனந்தபுரத்து வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். புதன்கிழமை காலையில் தன் நாற்காலியை அவள் பக்கமாக உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, அந்தத் தேசத்துல ஒருத்தருமே தட்டையக் கொளுத்த மாட்டாளா?"

"எங்க வீட்டுல யாரும் தீ வச்சுக் கத்திக்க மாட்டாவ, சாரே. பசு தின்னும்."

"உங்காத்தைக் கேக்கலை. தேசத்தைக் கேட்டேன்."

எலிசாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வீட்டில் வைக்கோலும் தட்டையும் வாழைப்பழத் தோலும் நேரே தொழுவத்துக்குத்தான் போகும். தட்டைக்குத் தீ வைப்பவர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"பசு தின்னாலும் மீத்தேன் வரும் அல்லே, சாரே?" என்றாள் ஈனக்குரலில்.

"வரும். அது வேற டேபிள், மாட்டுக் கணக்கு. அதை நம்ம ஆபீஸ் பிரஜின் பாக்கறான்."

[இந்த இடத்தில் நான் சிரித்தேன். எலிசாள் சிரிக்கவில்லை. எழுதுகிறவனுக்கும் எழுதப்படுகிறவளுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.]

அந்த நாட்டில் தட்டையை நறுக்கி மண்ணோடு உழுதுவிடும் இயந்திரத்தை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு திட்டம் இருந்தது. எரிப்பதே இல்லையென்றால் இயந்திரம் எதற்கு? நாளை, வியாழக்கிழமைக் கூட்டத்தில் அங்கே திட்டத்தைக் கைவிடப்போகிறார்கள் என்று உமாசங்கர் சொன்னார். ஆதாரம், எலிசாளின் பூஜ்யம்.

"சார், இப்பமே திருத்தி அனுப்பட்டா?"

உமாசங்கர் குரலைத் தாழ்த்தினார். "திருத்தினா, யார் போட்டதுன்னு மேல கேப்பா. என்னால மறைக்க முடியாது. வெள்ளிக்கிழமை ஆர்டர் கைல வரட்டும். திங்கக்கிழமை சாவகாசமா திருத்திக்கலாம். நான் ஒண்ணும் பாக்கலை."

நாற்காலியைப் பழையபடி உருட்டிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர்; அதனால்தான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குக் கோபப்படவாவது வழி இருந்திருக்கும்.

4.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) அனுப்புகிறாள். வேலை போகிறது. அங்கே யாரோ ஒரு விவசாயி [மீசை வைக்கலாமா?] இயந்திரத்தைத் தடவிப் பார்த்து, முகம் தெரியாத பெண்ணுக்கு

[கூசுகிறது. வேண்டாம்.]

ஆ) அனுப்பவில்லை. உத்தரவு வருகிறது. அங்கே இன்னொரு வருடம் தட்டை எரிகிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள். எலிசாளுக்கு அந்த இருமல் கேட்கப்போவதில்லை.

இ) அனுப்புகிறாள், நேர்மையைப் பாராட்டி வேலையும் நிரந்தரமாகிறது. [இதை நம்புகிறவர்கள் இதுவரை எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்திராதவர்கள்.]

5.

அந்த நாட்டுக்காரர்களுக்கு மின்னஞ்சலை அவளே எழுதினாள்; நான் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. 'அந்தப் பூஜ்யம் என் தவறு. கேட்டுப் போடவில்லை. வியாழக்கிழமைக்கு முன் தயவுசெய்து பாருங்கள்.' எழுதிவிட்டு, அனுப்பாமல் உட்கார்ந்திருக்கிறாள். பசி நேரம். டப்பாவைத் திறக்கவில்லை. அவளைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் இடத்தில் நான் இருந்தால் திங்கட்கிழமைவரை காத்திருப்பேன். அதனால்தான் முடிவை நான் எழுதக் கூடாது. எழுதினால் என் கோழைத்தனத்தை அந்தப் பெண்ணின் தலையில் கட்டியதாகிவிடும்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். இப்போது புதன் மத்தியானம், அவள் கை மௌஸின் மேல்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று: உங்கள் வேலை நிரந்தரம் என்றால், சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள்.