வாய்விட்டுச் சொல்லாதது

"மூணு. நாலு. ஏழு" என்று டாக்டர் கிறிஸ்டினா சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டே வந்தாள். திரிபுரசுந்தரி சாய்வு நாற்காலியில் வாயை அகலத் திறந்தபடி அந்த எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்லிய கம்பி ஒன்று ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறங்கி ஏறியது. பெரிய வலி இல்லை. காலையில் கொய்யாவைக் கடித்தபோது கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடியது. அதைக் காட்டிவிட்டு அப்படியே ஆபீஸுக்குப் போய்விடலாம் என்றுதான் கேம்ப் ரோட்டில் இருந்த அந்தச் சின்ன கிளினிக்குக்கு வந்திருந்தாள்.

"மூணுக்குள்ள இருந்தா நார்மல் மேடம். உங்களுக்கு ஏழு, எட்டுன்னு போகுது. ஈறு பல்ல விட்டு விலகி பை மாதிரி ஆயிடுச்சு. உள்ள அழுக்கு கல்லா இறுகிக் கெடக்கு. அது எலும்பையே கரைச்சிருக்கு. பிரஷ் பண்ணும்போது ரத்தம் வருமா?"

"ரொம்ப நாளா வரும். அந்த எடத்துல பட்டும் படாம தேய்ச்சுடுவேன்."

"எல்லாரும் அதான் பண்றாங்க. ரத்தம் வர்ற எடத்ததான் நல்லா சுத்தம் பண்ணணும். இது ஒரு எட்டு, பத்து வருஷத்துக் கதை. ஆரம்பத்துலயே வந்திருந்தா ஒரு கிளீனிங்கோட முடிஞ்சிருக்கும். சுகரும் டெஸ்ட் பண்ணிடுங்க. சுகர் இருந்தா ஈறு சீக்கிரம் கெடும்." டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள். "வாய்ல ஸ்மெல் வந்திருக்குமே மேடம். வீட்ல யாரும் சொல்லலையா?"

திரிபுரசுந்தரி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நமக்கே தெரியாது. நம்ம மூக்குக்குப் பழகிடும். கூட இருக்கறவங்கதான் சொல்லணும்."

கிளினிக் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கூட இருந்தவர்கள் என்றால் யார்? மகன் பிரணவ் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். வீட்டில் இருப்பது அவளும் கணவர் ஷ்யாம்சுந்தரும்தான். அவர் ஒன்பது வருஷமாக ஹாலில் படுக்கிறார். ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை, சைனஸ் என்று ஒருநாள் தலையணையை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவேயில்லை. அந்த வருஷம் அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் அவள் அவருடைய ஃபோனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். மறைமலை நகரில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் யாராவது இருப்பார்களோ என்று பேர் பேராக யோசித்திருக்கிறாள். தன் இடுப்பைக் கண்ணாடியில் பார்த்து வெறுத்து ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள். ஆறு வாரம் மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். அம்மனிடம் போய்க் கேட்ட கேள்விக்கு ஹாலில் படுத்திருந்த மனுஷனுக்குப் பதில் தெரிந்திருக்கிறது. அதை நினைத்து ஸ்கூட்டர் கைப்பிடியை இறுகப் பற்றினாள். முதலில் அழுகை வருகிறது என்றுதான் நினைத்தாள். அழுகை இல்லை, ஆத்திரம்.

சாயங்காலம் அவர் ஷூவைக் கழற்றும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.

"என் வாய் நாறும்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஷ்யாம்சுந்தர் ஒற்றைக் கால் சாக்ஸோடு நிமிர்ந்தார். முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை. மாட்டிக்கொண்ட ஆளின் களைப்புதான் இருந்தது. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்படிம்மா சொல்றது? நீ சங்கடப்படுவேன்னுதான்..."

"ஒம்போது வருஷமா ஹால்ல படுத்துக்கிட்டீங்களே, அது எனக்கு சங்கடமா இல்லாம இருந்துச்சா?"

"கத்தாத. நான் தீபாகிட்ட சொல்லி சொல்லச் சொன்னேன். அவ சொல்லிருப்பான்னு நெனைச்சேன்."

தீபா அவர் தங்கை. படப்பையில் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தவள். அன்று சாப்பாடு முடிந்ததும் தீபா அவளைத் தனியே கூப்பிட்டு உள்ளங்கையில் நாலு கிராம்பை வைத்து, "மெல்லுங்க அண்ணி, நல்லது" என்றது நினைவுக்கு வந்தது. எத்தனை பாசம் என்று அன்றைக்கு மனது குளிர்ந்துபோயிருந்தாள். அப்படியென்றால் படப்பை வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அண்ணனும் தங்கையும், தங்கையின் புருஷனும், தங்கையின் மாமியாரும். அத்தனை பேரும் பேசி முடித்துக் கடைசியில் அவளிடம் வந்து சேர்ந்தது நாலு கிராம்பு.

"ஊருக்கெல்லாம் சொல்ல வாய் வந்துச்சு. எங்கிட்ட சொல்ல மட்டும் வரல."

"சுந்தரி, இத ஒரு பெரிய விஷயமா..."

"எலும்பு கரைஞ்சு போயிருக்குங்க" என்றாள். "பல்லு தாங்குற எலும்பு. நீங்க நாசூக்கா இருந்த நேரத்துல அது கரைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு."

சிகிச்சைக்கு நாலு தடவை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வாயின் ஒரு கால் பங்கை ஊசி போட்டு மரக்கவைத்து, ஈறுக்கு அடியில் சுரண்டினார்கள். பாறையைக் கொத்துவது போன்ற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. இரண்டு பற்களைக் காப்பாற்ற முடியவில்லை. சர்க்கரையும் இருந்தது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி பல் இடுக்கில் நுழைக்கும் குட்டி பிரஷ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப் என்று வாழ்க்கையில் புதிதாக ஒரு ஒழுங்கு வந்தது. எல்லாவற்றுக்கும் தனியாகவே போனாள். நான் வரவா என்று அவர் கேட்டபோது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நாலாவது தடவை முடிந்து ஒரு வாரம் கழித்து ஷ்யாம்சுந்தர் தலையணையோடு படுக்கையறை வாசலில் வந்து நின்றார். சிரிக்கவும் முயன்றார்.

"ஹால்லயே படுங்க" என்றாள். "ஏ.சி. ஒத்துக்காது."

அவள் ஒரு தனியார் கல்லூரியில் அலுவலகப் பணியில் இருந்தாள். பதினான்கு வருஷம் அட்மிஷன் கவுன்டரில் இருந்தவளை மூன்று வருஷத்துக்கு முன்னால் ரெக்கார்ட் ரூமுக்கு மாற்றினார்கள். ஃபைல் வேலைக்கு உங்களை விட்டால் ஆளில்லை என்று சூப்பரின்டென்டென்ட் சிட்டிபாபு சொன்னதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இடத்துக்கு ஜெயசீலி என்ற முப்பது வயதுப் பெண் வந்தாள். சிகிச்சை முடிந்த பிறகு, ஏப்ரல் கடைசியில் ஒருநாள் சிட்டிபாபு திரிபுரசுந்தரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பெருங்களத்தூர்ப் பழைய குடும்பம். மூன்று இடத்தில் கடை வாடகைக்கு விட்டிருந்தாலும் வேலைக்கு ஒழுங்காக வருகிறவர், யாரையும் அதட்டாதவர்.

"ஒரு சின்ன மேட்டரு மேடம். நம்ம ஜெயசீலி கீதே... அட்மிஷன் சீசன் வருது. பேரன்ட்ஸ் எதிர்ல வந்து நிக்கறாங்க. இன்னான்னு சொல்றது, அதும் வாய்... கொஞ்சம் பேஜாரா கீது. நீங்க லேடீஸ், நாசூக்கா சொல்லிப் பாருங்க. இல்லாங்காட்டி அத்த ரெக்கார்ட் ரூமுக்கு அனுப்பிட்டு நீங்க கவுன்டருக்கு வந்துடுங்க. இப்பத்தான் நீங்க நல்லா ஆயிட்டீங்களே."

அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் சொன்னதில் எது எதன் பின்னால் வந்தது என்று மனதுக்குள் ஒருமுறை அடுக்கிப் பார்த்தாள்.

"அப்ப என்னைய மாத்துனதும் இதுக்குத்தானா சார்?"

"அப்டி இல்ல மேடம். ஃபைல் விஷயத்துல நீங்க..."

"சார். இதுக்குத்தானா?"

சிட்டிபாபு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். "இத்தயெல்லாம் ஒரு லேடிகிட்ட யாரு மேடம் வந்து சொல்ல முடியும்? நானா சொல்றது?"

"ஆமா சார். நீங்கதான். மாத்தறதுக்கு ஆர்டர்ல கையெழுத்துப் போட்டீங்கல்ல?"

அவர் கோபப்படவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நல்ல மனுஷன். அவளைச் சுற்றி இருந்த எல்லோருமே நல்ல மனுஷர்கள்தான் என்பது அப்போது அவளுக்கு உறைத்தது. ஒருத்தர்கூட அவளைக் கேலி செய்ததில்லை. எல்லோரும் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். திட்டக்கூடப் பிடி கிடைக்காத அந்த நல்லதனத்தின்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. கதவைச் சாத்தாமலே வெளியே வந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெயசீலியை சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் அழைத்துப் போனாள். என்னவெல்லாமோ முன்னுரை யோசித்து வைத்திருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

"ஜெயசீலி, உங்க வாய்ல ஸ்மெல் வருது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஈறுல ஏதாவது இருக்கலாம், சொத்தைப் பல்லா இருக்கலாம். எனக்கும் இருந்துச்சு. பாத்துட்டா சரியாயிடும்."

ஜெயசீலியின் முகம் முதலில் வெளுத்தது. அப்புறம் காது நுனி வரை சிவந்தது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அதான் நான் சொல்றேன்."

"கவுன்டர் சீட் உங்களுக்குத் திரும்ப வேணும்னா நேரா கேளுங்களேன் அக்கா. ஏன் இப்படி அசிங்கப்படுத்தறீங்க?" கண் நிறைந்துவிட்டது. "நீங்க இவ்ளோ மோசம்னு நான் நெனைக்கல."

"எனக்கு சீட் வேணாம். கேம்ப் ரோட்ல ஒரு டாக்டர் இருக்காங்க, நம்பர் அனுப்பறேன்."

"ஒண்ணும் அனுப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு ஜெயசீலி விடுவிடுவென்று போய்விட்டாள்.

திரிபுரசுந்தரி நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. ஃபோனில் மணி பார்த்தாள். சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஒருத்தியின் கண்ணில் கெட்டவளாகிவிட்டதைத் தவிர வேறொன்றும் ஆகிவிடவில்லை. வானம் இடிந்து விழவில்லை. இந்த நாலு நிமிஷம்தானா? இதைத்தானா ஒரு மனுஷன் ஒன்பது வருஷமாக அவளுக்குத் தர மாட்டேன் என்று வைத்துக்கொண்டிருந்தான்? சொன்னால் ஆத்திரம் கொஞ்சம் அடங்கும் என்று நினைத்திருந்தாள். அது இரண்டு மடங்காகத்தான் ஆனது.

சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டு சிக்னலில் ஸ்கூட்டரோடு நின்றபோது எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் ஜெயசீலியைப் பார்த்தாள். கூட்டத்திலிருந்து விலகி, விளம்பரத் தட்டிக்குப் பின்னால் அரைவாசி மறைந்து நின்றிருந்தாள். இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளங்கையைக் குவித்து, வாயருகே கொண்டுபோய் ஊதி, அவசரமாக மூக்கில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் ஊதினாள். தாம்பரம் பஸ் வந்து நின்றது. எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். பஸ் கிளம்பிப் போன பிறகும் அவள் அங்கேயேதான் நின்றிருந்தாள், குவித்த கையை முகத்திலிருந்து எடுக்காமல்.