பர்னபாஸ் சாரின் திருத்தம்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கிரேசி நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். கப்பலேறும் சரக்குக்கு ஆவணம் தயாரிப்பது அவள் பொறுப்பு. அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் பர்னபாஸ். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. அவர் வாயில் விழாதவர்கள் அந்த அலுவலகத்தில் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு கன்டெய்னர் லாரியைத் துறைமுக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆவணத்தில் கன்டெய்னர் எண் தப்பு. ஓர் இலக்கம் எட்டுக்குப் பதில் மூன்று. முதலாளி லிங்கராஜ் வந்து கேட்டதும், பர்னபாஸ் எல்லார் முன்பும் கிரேசியைக் கை காட்டினார். கண்ணை எங்கே வைத்து வேலை பார்க்கிறாய் என்று கத்தினார். அவள் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

பிறகு அந்தச் சரக்கின் கோப்பை எடுத்துப் பார்த்தாள். அவள் எட்டு என்றுதான் டைப் செய்திருந்தாள். அதை அடித்துவிட்டு மூன்று என்று பேனாவால் எழுதியது பர்னபாஸின் கை.

அந்தத் தாளை லிங்கராஜின் மேசையில் வைத்தால் போதும். சாயங்காலம் மாதா கோயிலில் முழங்காலிட்டபோதும் அவளுக்கு அதே நினைப்புதான். தனக்குத் தீமை செய்தவர்களைப் பொறுத்து மன்னிப்பதாகச் சொல்லும் இடம் வந்ததும் செபம் நின்றுவிட்டது. பொய்யாக அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. எழுந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போதுதான் பர்னபாஸ் சில மாதங்களாகத் தாள்களை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படிப்பதும், மாடிப்படியைக் காலால் தடவி இறங்குவதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

சனிக்கிழமை மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவர் முன்னால் தாளை வைத்தாள்.

“இது உங்க திருத்தம் சார். உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு நினைக்கேன்.”

அவர் முகம் கறுத்தது. “இத எவன்கிட்டல்லாம் சொன்ன?”

“யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்லுதேன். எல்லார் முன்னாலயும் என்னையச் சொன்னது தப்பு, அத நீங்கதான் சரிபண்ணணும். கண்ணாஸ்பத்திரிக்கு நீங்க எப்பப் போனாலும் நான் கூட வாரேன்.”

உன் வேலையைப் பார் என்று மட்டும் சொன்னார். அதன்பின் ஒரு வாரம் அவள் பக்கமே திரும்பவில்லை. பேசாமல் தாளை லிங்கராஜிடம் கொடுத்திருக்கலாமோ என்று கிரேசி பலமுறை நினைத்தாள். இருந்தும் கொடுக்கவில்லை.

எட்டாம் நாள் அவர் அவள் மேசையருகே வந்து நின்றார். மனைவி இறந்த பிறகு வீட்டில் தான் மட்டும்தான் என்றும், டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது என்றும் தரையைப் பார்த்தபடியே சொன்னார். இருவரும் ஆட்டோவில் போனார்கள். கண்ணில் நீர் அழுத்தம் கூடியிருக்கிறது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். கிரேசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பர்னபாஸ் லிங்கராஜையும் மற்றவர்களையும் கூப்பிட்டார். “கண்ணு சரியாத் தெரியாம அந்த எண்ண மாத்துனது நான்தான். பழிய இந்தப் பிள்ளை மேல போட்டுட்டேன்.” லிங்கராஜ் அவரை வேலையை விட்டு அனுப்பிவிடவில்லை. சுங்க அலுவலகத்துக்காரர்களோடும் லாரிக்காரர்களோடும் போனில் பேசும் வேலையைக் கொடுத்தார்.

அவருடைய குணம் ஒன்றும் அடியோடு மாறிவிடவில்லை. போன வாரம்கூட ஏதோ தாமதத்துக்குக் குரலை உயர்த்தினார். “மெதுவாச் சொல்லுங்க சார், கேக்குதேன்” என்றாள் கிரேசி. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.