முப்பத்தைந்து ரூபாய்

பொன்மணிக்கு அடுத்த வீட்டுச் சமையல் வாசனை பிடிக்காமல் போய் ஒரு மாதம் ஆகிறது. கிருஷ்ணவேணி ஒன்றும் விருந்து பொங்கவில்லை, அப்பளம்தான் பொரிக்கிறாள். அதற்கும் எண்ணெய் வேண்டுமே! பொன்மணி சின்னப் பாக்கெட்டைப் பிழிந்து பிழிந்து தாளிக்கிறாள். அவளோ லிட்டராக வாங்குகிறாள்.

இருவரும் இடைசெவலில் ஒரே வேனில் ஏறி, கோவில்பட்டியில் ஒரே தீப்பெட்டி ஆபீசில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைக்கிறவர்கள். சேர்ந்ததும் ஒரே நாள். கூலி நாளுக்கு முந்நூறு. சனிக்கிழமை கவரில் போட்டுத் தருவார்கள். இருவர் புருஷன்மாரும் கயத்தாறில் லோடு ஏற்றுகிறவர்கள். அப்படியிருக்க, பள்ளிக்கூட வேனுக்குக் கட்டணம் கூடியதும் பொன்மணி மகள் டவுன்பஸ்சில் நசுங்கிப் போகிறாள். கிருஷ்ணவேணி மகள் மட்டும் வேனில் ஜன்னலோரம். பார்க்கப் பார்க்கப் பொன்மணிக்கு வயிறு எரிந்தது.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, வேனில் ஏறும்போது கிருஷ்ணவேணி, "மயினி, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று கவரை நீட்டிவிட்டுச் சேலையைச் சரிசெய்தாள். பொன்மணி சும்மா விடுவாளா? விரலை விட்டு எண்ணிவிட்டாள். தன்னுடையதைவிட இருநூற்றுப் பத்து கூட. நாளுக்கு முப்பத்தைந்து.

ஞாயிறு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். குழம்பில் உப்பில்லை என்ற புருஷன் கருப்பசாமியிடம், "அடுத்த வீட்டுல போய்த் தின்னுங்க" என்று எரிந்து விழுந்தாள். பாவம், அந்த மனுசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை, முப்பது பெண்கள் காதிலும் விழும்படி மேனேஜர் சுந்தரபாண்டியிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, நானும் கிருஷ்ணவேணியும் ஒரே வேலைதான செய்யுதோம்? அவளுக்கு மட்டும் எதுக்குக் கூடக் குடுக்கீங்க? ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு ஒண்ணா? இது நியாயமா?"

முப்பது தலைகளும் நிமிர்ந்தன. சுந்தரபாண்டி பேனாவை மூடினார். "நியாயம் இல்லதான். சரி பண்ணிருதேன்."

சரி பண்ணிவிட்டார். அடுத்த சனிக்கிழமை இரண்டு கவரிலும் ஆயிரத்து எண்ணூறு; கிருஷ்ணவேணிக்குக் கூடக் கொடுத்ததை வெட்டிவிட்டார். உண்மையைச் சொன்னால் முதலில் பொன்மணிக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது.

வேனில் கிருஷ்ணவேணி மெல்லத்தான் பேசினாள். "ஆளெல்லாம் உளுந்து பிடுங்கக் காட்டுக்குப் போற நேரம். நானும் போறேன்னு தனியாப் போய்ச் சொன்னேன் மயினி. நிக்கச் சொல்லிக் கூட்டிக் குடுத்தாவ, வெளிய சொல்லக்கூடாதுன்னாவ. நீங்களும் தனியாப் போய், எனக்கும் குடுங்கன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பாவளே."

பொன்மணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு அத்தனை பேச்சு பேசியவள், எனக்கு வேண்டும் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. அது நினைப்பிலேயே வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை கிருஷ்ணவேணி வேனில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் உளுந்துக் காட்டுக்குப் போகும் லோடு ஆட்டோவில் ஏறினாள். அங்கே நானூற்றைம்பது கூலி, மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆபீசில் சுந்தரபாண்டி கிருஷ்ணவேணியின் குச்சித் தட்டைப் பொன்மணி பக்கம் தள்ளினார். "ஆள் வார வரைக்கும் இதையும் நீயே அடைச்சிரு."

இந்தத் தடவை பொன்மணி தனக்காகவே கேட்டாள். "அப்பம் எனக்கு முப்பத்தஞ்சு ரூவா கூடக் குடுங்க அண்ணாச்சி. பிள்ளைய வேன்ல விடணும்."

அவர் எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தார். "அதெப்படிம்மா? ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு ஒண்ணு குடுக்கக்கூடாதுன்னு நீதான சொன்ன!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பொன்மணி குனிந்து இரண்டு தட்டையும் இழுத்து வைத்துக்கொண்டாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இந்நேரம் கிருஷ்ணவேணி காட்டில் பாதி வேலையை முடித்திருப்பாள் என்று தோன்றியதும், அவள்மேல் முன்னைவிடப் பொறாமையாக இருந்தது.